மலை உச்சியில் போட்ட கையெழுத்து

எனக்கு உயரம் என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் தங்கை முந்திரி மரத்தில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவாள். நான் கீழே நின்று "எறங்குடி, எறங்குடி" என்று அழுதுகொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனைத்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு அனுப்பி வைத்தார்கள். என் ஜாதகத்தை எவன் எழுதினானோ தெரியவில்லை.

நெய்வேலியில் நான் பெல்ட் ஜாயிண்ட் ஃபோர்மேன். அப்படியென்றால் என்ன என்று சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் சுரங்கம் குகை இல்லை, வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரிய பள்ளம். வெட்டிய மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் மேலே கொண்டுவருவது ரப்பர் பெல்ட். கிலோமீட்டர் கணக்கில் ஓடும், உள்ளே எஃகுக் கம்பிகள் படுத்திருக்கும். அந்தப் பெல்ட்டின் இரண்டு முனைகளைச் சேர்த்து, நடுவே வேகாத பச்சை ரப்பரை வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டவைப்பதுதான் ஜாயிண்ட். ஜாயிண்ட் நன்றாக இருக்கிறவரை எங்களை ஒரு பயலுக்கும் தெரியாது. பிரிந்தால்தான் ஊருக்கே தெரியும்.

நான் ஹெல்பராக இருந்த காலத்தில் ஒன்று பிரிந்தது. பாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் முனை அறுந்து திரும்பி, என் பக்கத்தில் நின்றிருந்தவரின் வலது காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், என்னைவிட நான்கு வயது பெரியவர். அந்த ஜாயிண்டைச் சரி என்று சொன்னவர் அந்த நேரத்தில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு கால் போனவருக்கு மெயின் கேட் சைக்கிள் ஸ்டாண்டில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலை நான் சைக்கிளை விட்டதும் தகர டோக்கனை எடுத்து நீட்டுவது அவர்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. சேஃப்டி ஆபீசருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் மெமோதான். புது ஜாயிண்ட் முதல் தடவை ஓடும்போது, அதைத் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னவன், தன் கேங்கோடு, பெல்ட்டை இழுக்கும் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இழுப்பு அதிகம் அங்கேதான். பிரிந்தால் அங்கேதான் பிரியும். ஜாயிண்ட் டிரம்மைத் தாண்டிப் போகும்வரை ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். தாண்டியதும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டு டீக்குப் போவோம். நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தொடை நடுங்கிக்கொண்டுதான் நின்றேன்.

புது மாதிரிப் பெல்ட் ஒன்றை வாங்கப் போவதாகப் பேச்சு வந்தது. அதன் ஜாயிண்டை அவர்கள் ஊரிலேயே செய்துகாட்டுவார்கள், நம் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் சரக்கு கப்பல் ஏறும் என்றார்கள். ஒரு கையெழுத்து ஆபீசருடையது. இன்னொன்று கையால் வேலை செய்கிறவனுடையது. அந்தக் கை என்னுடையதாகிவிட்டது.

என் மனைவி காடாம்புலியூர்க்காரி, எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"இன்னாங்க, மொட்ட மாடியில வடகம் காய வெக்க ஏறச் சொன்னா ஆயிரம் சாக்கு சொல்லுவீங்க. ஏரோப்ளேன்ல எப்படி குந்திகினு போவீங்க?"

"கண்ண மூடிகினு போறதுதான்."

"அங்க மலை கிலைன்னு ஏறாதீங்க. வேலைய முடிச்சமா, வூட்டுக்கு வந்தமான்னு இருங்க."

குளிருக்கு என்ன செய்வது என்று நான் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. டவுன்ஷிப்பில் ஒரு 'ஃபாரின் கோட்டு' உண்டு. சுரங்கம் தொடங்கிய புதிதில் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போன யாரோ வாங்கி வந்தது. கருப்புக் கம்பளி, முழங்காலுக்குக் கீழே தொங்கும், பாச்சை உருண்டை வாசனை. பிளாக் பிளாக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். வெளிநாடு போகிறவன் வாங்கிப் போட்டுக்கொள்வான், திரும்பி வந்ததும் வெயிலில் காயவைத்து அடுத்தவனுக்குக் கொடுப்பான். அதன் உள்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். போய் வந்த ஒவ்வொருவரும் அடுத்துப் போகிறவனுக்காக ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்பது முறை. விமானத்தில் அதைப் பிரித்துப் படித்தேன்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

சூப் என்று எது வந்தாலும் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

மழை பெய்யாவிட்டாலும் தரை வழுக்கும்.

ஊறுகாய் பாட்டிலைச் சட்டைக்குள் சுற்றாதே. எனக்கு நடந்தது.

பயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எல்லோரும் தைரியசாலிகளோ, அல்லது என்னைப் போலப் பொய்யர்களோ.

ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். நாங்கள் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் பளிச்சென்று இருந்தது. என்னோடு வந்த ஆபீசர் கோயம்புத்தூர்ப் பக்கம். சுத்த சைவம். நல்ல மனிதர், ஆனால் வேகமாகப் பேசினால் எதிராளி கேள்வி கேட்கமாட்டான் என்று நம்புகிறவர். அவர் மலைகளைப் பார்த்து, "அடேங்கப்பா, காலண்டர்ல பாத்த மாதிரியே இருக்குதப்பா" என்றார். நான் பார்த்தது வேறு.

பள்ளத்தில் வேலை செய்கிறவனுக்குச் சரிவைக் கண்டால் முதலில் கணக்குத்தான் வரும். சுரங்கத்தில் மண் மேடு கொஞ்சம் செங்குத்தாகிவிட்டாலே கொடி நட்டு ஆளை விலக்கிவிடுவார்கள்; ஒரு மழை போதும், லாரி லாரியாக இறங்கிவிடும். இங்கே வானத்துக்கு நிற்கும் சரிவின் அடியிலேயே வீடு கட்டி, ஜன்னலில் பூத்தொட்டி வேறு வைத்திருக்கிறார்கள்! எங்கள் விடுதியும் அப்படித்தான் இருந்தது. அறையில் என் கட்டிலை மலைப்பக்கச் சுவரிலிருந்து கதவுப்பக்கம் இழுத்துப் போட்டேன். காலையில் அறையைக் கூட்ட வந்த அம்மாள் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள். அங்கிருந்த நாளெல்லாம் நான் இழுப்பதும் அவள் தள்ளுவதுமாகவே போனது.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஊருக்கு நடுவே ஒரு ஏரி. பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. எங்களை அழைத்துப் போன பெல்ட் கம்பெனிக்காரர் நல்ல உயரம், சிவந்த முகம், நிதானமான இங்கிலீஷ். அவரிடம் நான், "பம்ப் வேர்?" என்று கேட்டேன். நெய்வேலியில் பூமிக்கடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். பம்புகள் ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். பம்ப் சத்தம் நின்றால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சத்தமும் இல்லாமல் இந்த ஊர் எப்படி நிம்மதியாக இருக்கிறது? அவர் நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தார். ஆபீசரும் சிரித்தார். நான் மட்டும் கரையிலிருந்து நான்கு அடி தள்ளியே நடந்தேன்.

முதல் இரண்டு நாள் சுரங்க எந்திரக் கண்காட்சி. பெரிய மண்டபம், கோட்டு போட்ட கூட்டம், ஒவ்வொரு கடையிலும் காப்பி. எங்கள் டவுன்ஷிப் கண்காட்சியில் ராட்டினமும் அப்பளமும் இருக்கும். இங்கே வெட்டும் சக்கரத்தின் பல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். மாலையில் தோல் டவுசர் போட்ட பெரிய மனிதர்கள் கூடிப் பாடினார்கள், தொடையிலும் பாதத்திலும் அடித்துக்கொண்டு ஆடினார்கள். பாட்டு நன்றாக இருந்தது. நடுநடுவே அடித்தொண்டையிலிருந்து உச்சத்துக்குக் குரலைத் தூக்கிக் கூவியபோதுதான் திக்கென்றது. எங்கள் ஊரில் அப்படிக் கூவினால் யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆபீசருக்கு மாவில் செய்த குட்டிக் குட்டி உருண்டைகளைப் பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே முறுகிய வெங்காயம் தூவிக் கொடுத்தார்கள். அவர் முகர்ந்து பார்த்து, கண்ணை மூடி, இரண்டு தட்டு சாப்பிட்டார். நான் கறி சாப்பிடுகிறவன்தான். ஆனால் எது எந்தக் கறி என்று தெரியாத பயத்தில் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் கட்டிக்கொண்டு அழுதேன். கடைசியில் ஒன்று வந்தது. முட்டை போட்டுச் சுட்ட தடித்த அப்பத்தைக் கண்டபடி பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, உலர்ந்த திராட்சையோடு. அடடா! அதைத் தின்றபோது மட்டும் கால் மணி நேரம் பயம் இல்லாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் தொழிற்சாலை. என் வேலை அன்றுதான் தொடங்கியது.

அவர்கள் ஆள் ஜாயிண்ட் போட்டதைப் பார்த்து அசந்துபோனேன். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒவ்வொரு கம்பியையும் குழந்தையின் விரலைத் துடைப்பதுபோலத் துடைத்தான். சூடு ஆறியதும் ஒரு துண்டை எந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள், மீட்டர் முள் ஏறியது, தாங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் காப்பிக்குப் போனதும் நான் மீதி ஜாயிண்டின் பக்கத்தில் குனிந்து சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினேன். நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். நன்றாக ஒட்டிய இடம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். இது முக்கால்வாசி அப்படித்தான் பேசியது. இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் 'தொப்' என்றது.

மறுபடியும் தட்டினேன். 'தொப்.'

 ஆபீசரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

"சார், ஓரத்துல சத்தம் சரியில்லீங்க. உள்ள ஒட்டலீங்க."

"ஏப்பா, அத்தாச்சோடு பெரிய மெஷினு பாஸுன்னு சொல்லிப்போடுச்சு. ரிப்போர்ட்ல உன்ற காது சொல்றதையா எழுதறது?"

"ஓரத்துலர்ந்துதான் சார் பிரிய ஆரம்பிக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பாரு, இந்தப் பெல்ட்டு இல்லாம அங்க பாதி லைன் நிக்குது. நாம போயி காது சத்தம்னு சொன்னா எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லு. நாளைக்குத்தான கையெழுத்து."

யோசிக்க ஒரு நாள் கொடுத்தார், பாவம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் முடிவு செய்திருந்தேன். சொல்லிவிடுவது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். 'சார், ஒன் சைடு சவுண்டு நாட் குட். ப்ளீஸ் கட் அண்ட் சீ.' கோட்டின் உள்பையில், ஊர்த் தாளுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தேன். கம்பெனிக்காரரின் மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் கையெழுத்து மேசையில் இல்லை, மலை உச்சியில். அவர்கள் வழக்கம் அது. வியாபாரம் முடிந்தால் விருந்தாளியைக் கம்பியில் ஓடும் பெட்டியில் ஏற்றி, உச்சியிலுள்ள ஓட்டலில் மதியச் சாப்பாடு போட்டு, அங்கே வைத்துக் கையெழுத்து வாங்கிப் படம் எடுப்பார்களாம். மரியாதைக்காகச் செய்தது. என் பயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கீழ் ஸ்டேஷனில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். நம் டவுன் பஸ்ஸில் பாதி இருக்கும், நாலு பக்கமும் கண்ணாடி. அதை ஓட்டுகிறவர் நரைத்த மீசைக்காரர். நான் ஏறாமல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஃகுக் கம்பி. எனக்குத் தெரிந்த ஜாதிதான். இவ்வளவு நீளத்துக்கு ஒரே கம்பி வராது. எங்கேயோ சேர்த்திருக்க வேண்டும். கம்பெனிக்காரரிடம், "ஜாயிண்ட் வேர்? ஹூ சீ?" என்றேன். அவர் மீசைக்காரரிடம் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார். இழுக்கிற கம்பியில் ஜாயிண்ட் உண்டு, இவர்தான் பார்த்துக்கொள்கிறார், தினமும் காலையில் ஜனங்களை ஏற்றும் முன் முதல் பெட்டியில் இவர் மட்டும் தனியாக உச்சிக்குப் போய்விட்டு வருவார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடப்பாவி, இவனும் நம் ஆள்! அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஏறினேன்.

ஏறியதைத் தவிர மற்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெட்டி நகர்ந்ததும் ஆபீசரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மரங்கள் சிறுத்து, ஏரி சிறுத்து, எங்கள் விடுதி தீப்பெட்டியாயிற்று. நடுவே ஒரு கம்பத்தைத் தாண்டும்போது பெட்டி தடக்கென்று ஆடியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர்க்கோட்டு சுற்றிலும் விரிந்து கிடந்தது. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை என் தலையைத் தொட்டுப் பார்த்தது.

மேலே சாப்பாட்டில் என்ன கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மீசைக்காரர் உள்ளே வந்து கம்பெனிக்காரரின் காதில் ஏதோ சொன்னார். காற்று ஏறுகிறதாம். இன்னும் சற்று நேரத்தில் கடைசிப் பெட்டி; பிறகு காற்று அடங்கும்வரை ஓடாது. கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே, இங்கேயே தங்க அறையும் இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார். பிறகு தோல் உறையைத் திறந்து காகிதத்தை வைத்தார். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். பேனா என்னிடம் வந்தது.

உள்பையில் என் தாள் இருந்தது. எடுத்துப் படித்தால் போதும். அவர் கேள்வி கேட்பார், ஆபீசர் பதில் சொல்வார், பேச்சு நீளும். கடைசிப் பெட்டி போய்விடும். இந்த உச்சியில், காற்று ஊளையிடும் இந்தக் கூட்டில் நான் மாட்டிக்கொள்வேன். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குச் சுரங்கமும் ஞாபகம் இல்லை, சைக்கிள் ஸ்டாண்டும் ஞாபகம் இல்லை. கீழே போக வேண்டும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் கோட்டை வெயிலில் போட்டுத் தட்டினேன். தாளில் வரி எழுத வேண்டுமே. 'மலை உச்சிக்கு அவசியம் போகவும். பயமே இல்லை' என்று எழுதி மடித்து வைத்தேன். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! மனைவி படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் கோட்டைத் திருப்பிப் போட்டேன்.

நான்கு மாதத்தில் பெல்ட் வந்தது, அவர்களுடைய பச்சை ரப்பரோடு. அவன் காட்டியபடியே நானும் என் கேங்கில் மூன்று பேரும் ஜாயிண்ட் போட்டோம். ஒரு கம்பியில்கூடத் தப்பு செய்யவில்லை. ஆறியதும் அவர்களை டீக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தட்டினேன்.

'டக். டக். டக்.' இடது ஓரத்தில், 'தொப்.'

அதே இடம், அதே சத்தம்.  இப்போது சொன்னால் அங்கே ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததற்காக வந்த வேலை, இரண்டு பிள்ளைகள், குவார்ட்டர்ஸ். மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வந்து, "இன்னாண்ண, ஓகேவா?" என்றார்கள். "ஓகே" என்றேன். காது பொய் சொல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் ஓட்டம். சைக்கிளை விட்டேன். கால் போனவர் டோக்கனை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"புது பெல்ட்டு இன்னிக்குத்தான் ஓடுதாமே. யாரு நிக்கிறது?"

"நான்தாண்ண. எங்க பசங்க மூணு பேரும்."

"நீ தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று டோக்கனைக் கொடுத்துவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே உளறியிருப்பேன். கேட்கவில்லை. அந்த 'அப்ப சரி' என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

டிரம்முக்குப் பக்கத்தில் நின்றோம். மூன்று பேரில் ஒருவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், பீடியைக் காதில் சொருகிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தான். என் கூட நிற்கிறார்கள், என் வார்த்தையை நம்பி. அப்போது பார்த்தால் தூரத்தில் ஆபீசர் வருகிறார். பள்ளத்துக்கு இறங்கி வராத மனிதர், புது ஹெல்மெட், பளபளக்கும் ஷூவில் சேறு. நேராக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நீங்க எதுக்கு சார் இங்க?"

"இங்க நிக்கோணும்னு ஒரு பழக்கம் இருக்குதாமா, யாரோ சொன்னாங்க." ஹெல்மெட்டின் வாரை இறுக்கினார். "நானுந்தானப்பா கையெழுத்துப் போட்டேன்."

 பெட்டிக்குள் நான் அவர் கையைப் பிடித்தேனே, அதைவிடக் கெட்டியாக அவர் இப்போது என் கையைப் பிடித்தார். அவருக்கும் தெரியும். அன்றைக்கே தெரியும்.

சைரன் ஊதியது. பெல்ட் ஓடப்போகிறது என்பதற்கான சைரன். பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஒரு கயிறு ஓடும். எதுவாவது தப்பு என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், எல்லாம் நின்றுவிடும். மலையில் எனக்கு அப்படி ஒரு கயிறு கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இல்லை. அங்கேயும் இருந்தது, கோட்டுப் பையில், நான் எழுதி வைத்த தாளாக.

பெல்ட் அசைந்தது. தூரத்தில் என் ஜாயிண்டின் சுண்ணாம்புக் கோடு மெல்ல எங்களை நோக்கி வந்தது. புது மாப்பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்தான். நான் கயிற்றை இழுத்தேன். இரண்டு கையாலும், அதில் தொங்கினாற்போல இழுத்தேன்.

எல்லாம் நின்றது. "இன்னாண்ண ஆச்சி?" என்று மூவரும் ஓடிவந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "வெட்டுங்கடா. ஒட்டல. எனக்கு அங்கியே தெரியும்" என்று அழுதேன்.

வெட்டினார்கள். இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ரப்பர் பலாச்சுளையைப் போலக் கம்பியிலிருந்து கழன்று வந்தது. இரண்டு விரல் போதுமாயிருந்தது. முத்தாண்டிக்குப்பத்துக்காரன் அந்தத் துண்டைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.  என்னைத் திட்டியிருக்கலாம். டீ மட்டும் வாங்கி வந்து கொடுத்தான்.

மெமோ எனக்கும் ஆபீசருக்கும் சேர்ந்தே வந்தது. கம்பெனிக்காரருக்கு எழுதினார்கள். அவர் என்ன எழுதினார் தெரியுமா? நன்றி என்று எழுதினார். ஓரத்து ரப்பரின் கலவையை மாற்றி அனுப்புகிறோம், அங்கேயே சொல்லியிருந்தால் மறுநாளே வெட்டிப் பார்த்திருப்போமே என்று எழுதினார். அந்தக் கடிதத்தை ஆபீசர் படித்துக் காட்டியபோது நாங்கள் இருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வாரமே கோட்டு இருக்கும் வீட்டைத் தேடிப் போனேன். பதினெட்டாம் பிளாக்கில் ஒரு எலக்ட்ரிகல்காரர் கிளம்பத் தயாராக இருந்தார். கோட்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, உள்பைத் தாளை எடுத்து, நான் எழுதிய வரியை அழுத்தி அடித்தேன். அவர் பேனாவையே வாங்கி அதற்குக் கீழே எழுதினேன்.

மேலே வைத்து நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பயமாக இருக்கிறது, கீழே போய்ப் போடுகிறேன் என்று சொல். ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.